கழற்றிப் போட்ட பம்புக்கு விக்கல்

7

"பொய்!" என்றார் பூதக்கண்ணாடி.

சொல்லிவிட்டு அந்தத் தாளை மேஜை மேல் மெதுவாக வைத்தார். பொய் கிடைத்துவிட்டால் அதை அவர் முட்டையை வைப்பது போலத்தான் வைப்பார். உடைந்துவிடக் கூடாது பாருங்கள்.

"காலையிலேயே போணி ஆயிடுச்சு," என்றாள் எதிரில் உட்கார்ந்திருந்த பட்டாசு.

இரண்டுமே பட்டப்பெயர்கள்தான். மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகப் பொய் பிடிக்கிறவருக்கு அலுவலகம் முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. அவருடைய உதவியாளருக்கு முகத்துக்கு நேராகவே வைத்த பெயர் பட்டாசு. முப்பத்திரண்டு வயது, இரண்டு குழந்தைகள், ஒரு ஸ்கூட்டர், வாய்க்குப் பூட்டுக் கிடையாது.

"கேஸைச் சொல்லு," என்றார் அவர்.

"ஆறு வயசுப் பொண்ணு. அம்மா இல்லை. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு டான்சில் ஆபரேஷன். ஒரு ராத்திரி படுக்கை வேணும்னு ஆஸ்பத்திரி கேக்குது. நம்ம விதிப்படி காலையில ஆபரேஷன், சாயங்காலம் வீட்டுக்கு. தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்ற பிள்ளைன்னா மட்டும் ராத்திரி வச்சுப் பார்க்கலாம். அதுவும், மூச்சு நிக்குதுங்கறது ஆபரேஷனுக்கு முன்னாடியே எழுத்துல பதிவாகியிருக்கணும்."

"பதிவு இருக்கா?"

"இல்ல. தூக்கத்தைப் பரிசோதனை பண்ற இடத்துல அஞ்சு மாசம் வரிசை நிக்குதாம். அதனால அப்பாவே எழுதிக் கொடுத்திருக்கார். 'மூச்சு நிற்பதை நேரில் அறிந்தவர்: தந்தை.'"

"தந்தைக்கு என்ன வேலை?"

பட்டாசு தாளைத் திருப்பினாள். "குடிநீர் நிலையத்துல பம்பு ஓட்டுறார். ரெண்டு வருஷமா..." அவள் குரல் இறங்கியது. "நைட் ஷிஃப்ட்."

"ராத்திரி பூரா பம்பு பக்கத்துல உட்கார்ந்திருக்கிற மனுஷன், நாலு மைல் தள்ளித் தூங்கற பொண்ணுக்கு மூச்சு நிக்கறதை எப்படி நேரில அறிஞ்சார்?"

"கனவுல வந்திருக்கும் சார்."

பூதக்கண்ணாடி சிரிக்கவில்லை. டாக்டர் அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா அவசரத்தில் இருந்தார், சுருக்கமாகச் சொன்னார். "தொண்டை வீங்கின முதல் ராத்திரிதான் எனக்குப் பயம். ஏற்கெனவே மூச்சு நிக்கற பிள்ளைக்கு அன்னிக்கு அது ஜாஸ்தியாகும். பக்கத்துல நர்ஸும் ஆக்சிஜனும் வேணும். நாலு மணிக்குள்ள உங்க கம்பெனி சரின்னு சொல்லலேன்னா அந்தப் படுக்கை வேற பிள்ளைக்குப் போயிடும். அப்பா சொல்றது நிஜமா பொய்யான்னு எனக்குத் தெரியாது. அதை நீங்கதான் சொல்லணும்."

மணி பதினொன்று. நிஜமாக இருந்து அவர் பொய் என்று எழுதிவிட்டால், ஒரு குழந்தை நாளை ராத்திரி வீங்கிய தொண்டையோடு வீட்டில் படுக்கும். அந்த நினைப்பை அவர் ஓரமாகத் தள்ளிவைத்தார். பொய்யர்களுக்கும் குழந்தைகள் உண்டு என்பது அவர் அடிக்கடி சொல்லும் வாக்கியம்.

"வண்டியை எடு," என்றார்.

---

மூன்றாவது மாடி. மணியை மூன்று முறை அழுத்தியும் உள்ளே ஓர் அசைவும் இல்லை.

சத்தமில்லாத வீடு என்றாலே பூதக்கண்ணாடிக்கு ஆகாது. அவருடைய வீட்டில் காலையில் கிளம்பும்போது ரேடியோவை அணைக்கவே மாட்டார். சாயங்காலம் கதவைத் திறக்கும்போது யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். கல்யாணமாகி நாலாவது வருஷம் மனைவி பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, "உங்க கூடக் குடும்பம் நடத்தறது, தினமும் கூண்டுல ஏறி சாட்சி சொல்ற மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்குப் போட்ட ரேடியோ.

நாலாவது தடவை அழுத்தியதும் கதவு திறந்தது. திறந்தது ஒரு குட்டிப் பெண். வாய் பாதி திறந்தே இருந்தது. மூச்சு மூக்கால் இல்லை, வாயால்.

"அத்தை சமையல்கட்டுல. அப்பா டூட்டியில. நீங்க ஆஸ்பத்திரியா?" தொண்டையில் பஞ்சு அடைத்ததுபோல் ஒரு குரல்.

"பாதி ஆஸ்பத்திரி," என்றாள் பட்டாசு. "ஊசி போடாத பாதி."

குழந்தை அதை யோசித்துப் பார்த்துவிட்டு வழி விட்டது.

சமையல்கட்டில் கெட்டில் வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிதானமாக. சட்டைக் கையை நீவி நீவி. குழந்தை ஓடிப்போய் அவள் புடவையைப் பிடித்து இழுத்த பிறகுதான் திரும்பினாள். திரும்பியதும் ஆவியைப் பார்த்துவிட்டு, "அடடா!" என்று அடுப்பை அணைத்தாள்.

"தம்பி மகளுக்கு நாளைக்கு ஆபரேஷன். அதைப் பத்தியா?" என்று கேட்டாள். தேவைக்கு மேல் உரத்த குரல். கண்கள் அவருடைய உதட்டிலேயே இருந்தன.

பூதக்கண்ணாடி உதட்டை நன்றாக அசைத்துக் கேட்டார். "ராத்திரி பிள்ளை பக்கத்துல யாரு படுக்கறது?"

"நான்தான். அவ நெஞ்சு மேல கையை வச்சுக்கிட்டுதான் படுப்பேன். மூச்சு நின்னா கைக்குத் தெரியும். ஆனா பாழும் தூக்கம் வந்துட்டா கை சரிஞ்சுடுது. காதுதான் இருபது வருஷம் முன்னாடியே போயிடுச்சே."

"அப்போ ராத்திரிக்கு எத்தனை தடவை நிக்குதுன்னு யாருக்குத் தெரியும்?"

"அவனுக்குத்தான்."

"அவர்தான் ராத்திரி வீட்டிலயே இல்லையே?"

அத்தையின் வாய் சட்டென்று மூடிக்கொண்டது. கண் மட்டும் ஒரு கணம் படுக்கையறைப் பக்கம் போய்வந்தது. பத்தொன்பது வருஷ அனுபவம் சும்மா இருக்குமா? அவரும் அந்தப் பக்கம் போனார்.

ஒரு கட்டில், இரண்டு தலையணை. சின்னத் தலையணைக்கு நேர் மேலே, கட்டில் கம்பியில், பழைய கட்டம் போட்ட சட்டைத் துணியில் தைத்த ஓர் உறை கட்டியிருந்தது. சட்டைப்பை இருந்த இடத்தை அப்படியே வெட்டி, நாடா வைத்துத் தைத்திருந்தார்கள். சுவரிலிருந்து ஒரு ஒயர் வந்து அதற்குள் போயிற்று. அவர் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்றது குழந்தை. "அது அப்பாவோட எடம்."

அவர் கையை மடக்கிக்கொண்டார்.

வாசல்வரை வந்த அத்தை, பட்டாசின் தோளைத் தொட்டு, அவள் உதட்டைப் பார்த்தபடியே கேட்டாள். "அவன் வேலைக்கு ஒண்ணும் ஆகாதே?"

படிகளில் இறங்கும்போது பட்டாசு பொரிந்தாள். "நாம படுக்கையைப் பத்திக் கேட்டா, அந்த அம்மா வேலையைப் பத்திக் கவலைப்படுது. காது போன அத்தை, கட்டில்ல ஒரு சட்டைப்பை, வாயைத் திறக்காத ரகசியம். என்ன சார் குடும்பம் இது?"

"ஒத்துமையான குடும்பம்," என்றார் பூதக்கண்ணாடி. அதைச் சொல்லும்போது அவருக்கு ஏனோ எரிச்சலாக இருந்தது.

---

குடிநீர் நிலையத்தின் வாசலிலேயே பலகை. பணி நேரத்தில் கைபேசிக்குத் தடை. மீறினால் பணிநீக்கம்.

பட்டாசு அதைப் படித்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "சார்... அந்த ஒயர்..."

"வாயை மூடு," என்றார் அவர். அவள் மூடினாள். அது எவ்வளவு பெரிய அதிசயம் என்பது அவளோடு ஒருநாள் இருந்தவர்களுக்குத் தெரியும்.

உள்ளே இரண்டு பம்புகள் தரை அதிர ஓடிக்கொண்டிருந்தன. பம்புக்காரர் ஒல்லியாக இருந்தார்; தலையில் காதை மூடித் துண்டு கட்டியிருந்தார். கண் இரண்டும் தூக்கத்துக்கு ஏங்கிச் சிவந்திருந்தன.

"நேத்து நைட்டும் பார்த்துட்டு, இப்பவும் நிக்கறான்," என்றார் மேற்பார்வையாளர், தன் வீட்டுப் பிள்ளையைச் சொல்வதுபோல. "நாளைக்கு லீவு வேணுமாம், அதுக்கு ஈடாத்தான். ராத்திரி பத்துக்குத்தான் மாத்து ஆள் வருவான். இவனை மாதிரி ஒருத்தன் கிடைக்க மாட்டான் சார். பாம்புச் செவி! மெக்கானிக்குக்கே கேக்காத கோளாறு இவனுக்குக் கேக்கும்."

பூதக்கண்ணாடி பம்புக்காரரிடம் நேராக வந்தார். "எழுதிக் கொடுத்தது நிஜமா?"

"சத்தியமா நிஜம் சார். எப்படித் தெரியும்னு மட்டும் கேக்காதீங்க."

"அதைக் கேக்கத்தான் எனக்குச் சம்பளம்."

பம்புக்காரர் தரையைப் பார்த்தார். "அப்போ பொய்யின்னே எழுதிக்குங்க," என்றார். குரல் உடைந்தது. உடைந்ததை மறைக்க எண்ணெய்த் துணியை எடுத்துப் பளபளவென்று இருந்த ஒரு கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பொய்யர்கள் இப்படி விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சண்டை போடுவார்கள், கும்பிடுவார்கள், கடவுளைக் கூப்பிடுவார்கள். பூதக்கண்ணாடிக்கு முதல் தடவையாகக் கொஞ்சம் பயம் வந்தது. மணி இரண்டே முக்கால்.

"பாம்புச் செவின்னீங்களே," என்று மேற்பார்வையாளர் பக்கம் திரும்பினார். "என்ன கோளாறு?"

"ரெண்டாம் பம்புக்கு விக்கல் சார்!"

"விக்கலா? தண்ணி குடிச்சா நின்னுடுமே," என்றாள் பட்டாசு. "அதுவோ தண்ணியிலயே கிடக்குது."

மேற்பார்வையாளர் அதைக் காதிலேயே வாங்காமல் பெரிய லாக் புக் ஒன்றைக் கொண்டுவந்து விரித்தார். அரைமணிக்கு ஒரு வரி. நேரம், அழுத்தம், முதல் பம்பு, இரண்டாம் பம்பு. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் காலையில் அவர் போட்ட கையெழுத்தும் தேதியும். இரண்டாம் பம்புக் கட்டத்தின் ஓரத்தில், நூலில் கட்டித் தொங்கும் அதே பென்சிலால், சின்னச் சின்னக் கோடுகள். ஒரு வரியில் ரெண்டு. ஒரு வரியில் நாலு.

"இது என்னடான்னு கேட்டேன். ரெண்டாம் பம்பு நடுநடுவுல விக்குது சார், அதான் குறிச்சு வைக்கறேன்னான். எனக்குத் தூக்கமே போச்சு. ரெண்டு தடவை பம்பைப் பிரிச்சாச்சு. ஒண்ணும் கிடைக்கலை. மூணாவது தடவை பட்டறைக்கே தூக்கி அனுப்பினேன். புது பேரிங் போட்டு வந்திருக்கு. விக்கல் நிக்கலை!"

பூதக்கண்ணாடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பக்கங்களைப் புரட்டினார். மற்றவர்கள் டூட்டியில் இருந்த ராத்திரிகளில் ஒரு கோடுகூட இல்லை. இவருடைய டூட்டியில் மட்டும், அதுவும் ஒன்பதரைக்கு முன்னால் எந்த நாளும் இல்லை. விடியற்காலை ஆக ஆகக் கூடிக்கொண்டே போகும். ஆறு மணிக்கு நின்றுவிடும்.

"பம்பு பட்டறையில இருந்தது எந்தத் தேதி?"

"போன மாசம் பதினாலுலேர்ந்து மூணு நாள்."

பதினாலாம் தேதிப் பக்கம். இரண்டாம் பம்புக் கட்டம் நெடுக, சிவப்பு மையில், "இல்லை", "இல்லை", "இல்லை". ஓரத்தில் பென்சில் கோடுகள். எண்ணினார். இருபத்தாறு. மறுநாள் முப்பத்தொன்று. அதற்கு மறுநாள் இருபத்தெட்டு.

அவர் புத்தகத்தை மேற்பார்வையாளர் பக்கம் திருப்பினார்.

"கழற்றிப் போட்ட பம்பு எப்படிங்க விக்கும்?"

மேற்பார்வையாளர் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பம்புகள் இரண்டும் ஓடிக்கொண்டே இருந்தன. எண்ணெய்த் துணியோடு நின்ற மனிதர் மெதுவாகத் தலையிலிருந்து துண்டை அவிழ்த்தார். சட்டைக் காலருக்குள்ளிருந்து ஒரு மெல்லிய ஒயர் எட்டிப் பார்த்தது. அதன் நுனியில் காதில் செருகும் குமிழ்.

"பாப்பா தூங்கினதும் எங்க அக்கா போனை உறையில வச்சுடும்," என்றார். "ராத்திரி பூரா அவ மூச்சு என் காதுல இருக்கும் சார். நின்னா எண்ணுவேன். பத்து வரைக்கும் வரலேன்னா ஒரு கோடு. பதினஞ்சு ஆனா, 'கண்ணு, திரும்பிப் படு'ன்னு கூப்பிடுவேன். திரும்பிப் படுத்ததும் மூச்சு வந்துடும். அக்காவுக்குக் கேக்காதே, நான்தானே கூப்பிடணும்? எத்தனை தடவைன்னு எண்ணிட்டு வாங்கன்னு டாக்டர் அம்மா சொன்னாங்க. இங்க வேற காகிதம் கொண்டுவர விடமாட்டாங்க. இந்தப் புத்தகம்தான் இருந்துச்சு."

"இதைக் காட்டியிருந்தா அன்னிக்கே படுக்கை கொடுத்திருப்பாங்களேய்யா!" என்றாள் பட்டாசு.

"வேலை போயிடும்மா. வேலை போனா இந்தக் காப்பீடும் போயிடும். அப்புறம் ஆபரேஷனே கிடையாது." கையை விரித்தார். "இப்பச் சொல்லிட்டேன். ரெண்டும் போச்சு."

எல்லோரும் மேற்பார்வையாளரைப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்திருந்தது.

"என் பம்பை மூணு தடவை பிரிக்க வச்சிருக்கே," என்றார். "மூணு தடவை!"

"ஆமாம் சார்."

"ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம்லடா."

"சொன்னா உங்களையும் பொய் சொல்ல வச்ச மாதிரி ஆயிடும் சார்."

மேற்பார்வையாளர் மேஜைக்குப் போய், நிலைய முத்திரை போட்ட தாளை எடுத்து, எழுத்தைக் கூட்டிக் கூட்டி எழுதினார்: 'பென்சில் கோடுகள் பம்பைப் பற்றியவை அல்ல. ஊழியரின் மகளுக்கு இரவில் மூச்சு நின்ற தடவைகள். அந்தந்தத் தேதிக் காலையிலேயே பார்த்துக் கையெழுத்திட்டவன் நான்.' எழுதி முடித்ததும் இடது கையை நீட்டினார்.

"போனைக் கொடு. டூட்டி முடியற வரைக்கும் இது என் மேஜையில இருக்கும். பலகையில எழுதினது எழுதினதுதான். வேலையை விட்டுத் தூக்கணும்னு மேல எழுத என் கை வராது. ஆனா நைட் ஷிஃப்ட்ல இனி உன்னை உட்கார வைக்க மாட்டேன். அடுத்த வாரத்துலேர்ந்து பகல்தான்."

பம்புக்காரர் போனைக் கொடுத்தார். அழத் தெரியாதவர் போலும். மறுபடி அதே கைப்பிடியைத் துடைத்தார்.

---

மூன்று ஐம்பதுக்குக் கம்பெனி மேலாளர் போனில் கத்திக்கொண்டிருந்தார். "பம்பு லாக் புக்கைக் கொண்டுவந்து மருத்துவப் பதிவுன்னு சொல்றீரே, உமக்கு மூளை கலங்கிடுச்சா?"

"விதியில 'எழுத்தில் முன்கூட்டியே பதிவு'ன்னுதான் இருக்கு," என்றார் பூதக்கண்ணாடி. "ஆஸ்பத்திரிக் காகிதத்துலதான் இருக்கணும்னு இல்லை. இதுல தேதி இருக்கு, மணி இருக்கு, அன்னன்னிக்கு மேலதிகாரி கையெழுத்து இருக்கு. நம்ம ஆஸ்பத்திரிகள்ல பாதி இவ்வளவு ஒழுங்கா எழுதறதில்லை."

மேலாளர் கத்துவதை நிறுத்தினார். "பத்தொன்பது வருஷத்துல நீர் இப்படி ஒரு தடவை பேசினதில்லையே."

"பேச வேண்டி வரலை."

மூன்று ஐம்பத்தாறுக்குப் படுக்கை கிடைத்தது.

நிலையத்தை விட்டு வெளியே வரும்போது பட்டாசுதான் முதலில் நின்றாள். "சார்! போன் மேற்பார்வையாளர் மேஜையில. அந்த மனுஷன் வர்றதுக்குப் பத்தரை ஆகும். பாப்பா ஒன்பதுக்கே தூங்கிடும். அதுவரைக்கும் யாரு கேப்பா? எனக்கு ரெண்டு வாலுங்க வீட்ல காத்துக்கிட்டிருக்கு. என் காதுல அதுங்க சத்தத்தைத் தவிர வேற எதுவும் நுழையாது."

பூதக்கண்ணாடி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே இருந்தார். வெகுநேரமாக மாட்டிக்கொண்டிருந்தார்.

"என் வீட்ல சத்தம் கிடையாது," என்றார்.

---

கதவைத் திறந்ததும் ரேடியோவில் யாரோ வானிலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் நேராகப் போய் அதை அணைத்தார். எத்தனையோ வருஷம் கழித்து அந்த அறை வாயை மூடியது.

பட்டாசு திரும்பிப் போய், இன்றைக்கு அப்பாவுக்குப் பதில் இவர் கேட்பார் என்று அத்தையிடம் எழுதிக் காட்டிவிட்டு வந்திருந்தாள். ஒன்பதுக்கு அவர் அழைத்தார். எடுக்கப்பட்டது. துணி உரசும் சத்தம். உறைக்குள் வைக்கிறார்கள். பிறகு வேறு எதுவும் இல்லை, ஒரு மூச்சு மட்டும். கரகரவென்று, நீளமாக, நாலு மைலுக்கு அப்பாலிருந்து.

அவர் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தார். முதல் தடவை நின்றபோது ஒன்பதில் வந்துவிட்டது. இரண்டாம் தடவை பன்னிரண்டு. ஒரு கோடு போட்டார். இதை இந்த மனுஷன் ராத்திரிக்கு முப்பது தடவை, பம்பையும் பார்த்துக்கொண்டு எப்படித் தாங்கினான்? மூணாவது கோட்டுக்கு அப்புறம் மூச்சு சுத்தமாக நின்றது. பதின்மூன்று. பதினாலு. அவருக்கே மூச்சு நின்றுவிட்டது.

"கண்ணு," என்றார். அந்தச் சொல்லை அவர் யாரிடமும் சொன்னதில்லை. "கண்ணு... திரும்பிப் படு."

போர்வை புரண்டது. ஒரு பெரிய மூச்சு உள்ளே போயிற்று. அப்புறம், தூக்கக் கலக்கத்தில், பஞ்சு அடைத்த அந்தக் குரல் வந்தது.

"சரிப்பா."

பூதக்கண்ணாடி கோடு போடவில்லை. கொஞ்ச நேரம் தாள் சரியாகத் தெரியவில்லை.

பத்து அடித்து ஐந்து நிமிஷத்தில் இன்னொரு அழைப்பு குறுக்கே வந்தது. பம்புக்காரர். மூச்சிரைக்கச் சைக்கிள் மிதித்துக்கொண்டே பேசினார். "போன் கையில வந்துடுச்சு சார். நீங்க வச்சிட்டா நான் போட்டுக்கறேன். எத்தனை?"

"நாலு."

"கூப்பிட்டீங்களா?"

"ஒரு தடவை."

"புதுக் குரல் ஆச்சே, பயந்துடுச்சா? பாப்பா ஏதாவது சொன்னாளா சார்?"

பத்தொன்பது வருஷம் மற்றவர்களின் பொய்யைப் பிடித்தவர் காதில் இருந்த மூச்சை இன்னும் ஒரு தடவை கேட்டுக்கொண்டார்.

"இல்லப்பா," என்றார். "ஒண்ணும் சொல்லலை."